சோடா வேறு, கலர் வேறு: அன்றாடம் குடிப்பதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை சோடா, கலர் என்ற இரண்டு சொற்களும் தனித்தனிப் பொருளில் வழங்கிவந்தன. சோடா என்றால் கரியமில வாயுவை அழுத்தி ஏற்றிய வெறும் தண்ணீர். கோலி அடைத்த கண்ணாடிக் குப்பியில் வரும். அதில் இனிப்பு கிடையாது. கலர் என்றால் அதே வாயுத் தண்ணீரில் சர்க்கரைப் பாகும் எசன்ஸும் நிறமும் சேர்த்தது. வயிறு உப்புசமாக இருந்தால் சோடா வாங்கினார்கள். விருந்தாளி வந்தால் பிள்ளையைக் கடைக்கு அனுப்பிக் கலர் வாங்கிவரச் சொன்னார்கள். பன்னீர் சோடா போன்ற ஒன்றிரண்டு பெயர்கள் இந்த வரையறையை மீறினாலும், இனிப்பு உள்ளதையும் இல்லாததையும் பிரித்துப் பேசும் வழக்கம் பொதுவாக இருந்தது. இன்று ‘கூல்டிரிங்க்ஸ்’ என்ற ஒரே சொல் இரண்டையும் விழுங்கிவிட்டது. அந்தப் பழைய பிரிவினையை மீட்டுக்கொண்டால், எதை அன்றாடம் குடிக்கலாம் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

குளிர்பானம் கெடுதல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் எது கெடுதல் என்று கேட்டால், வாயு என்பார் ஒருவர், ஐஸ் என்பார் இன்னொருவர், வெளிநாட்டுக் கம்பெனி என்பார் மூன்றாமவர். உண்மையில் பெரும்பங்கு கேட்டைச் செய்வது திரவத்தில் கரைந்திருக்கும் சர்க்கரைதான். வாயு பெரும்பாலோருக்கு ஏப்பத்தைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. உள்ளூரில் தயாரித்த கலருக்கும் உலகம் முழுவதும் விற்கும் கோலாவுக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு மிகக் குறைவு. 2017-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அமெரிக்கக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தபோது, பலர் உள்ளூர்க் குளிர்பானங்களுக்கு மாறினார்கள். சிறு தொழிலுக்கு அது துணை செய்த முடிவு. ஆனால் குடித்தவரின் ரத்தத்துக்குச் சென்ற சர்க்கரையின் அளவு அதனால் குறைந்திருக்காது.

ஆகவே பானங்களை அளக்க ஒரே ஓர் அளவுகோல் போதும்: தேக்கரண்டி. மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். வழக்கமான கோலா ஒன்றில் 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கும். அப்படியானால் 300 மில்லி கொண்ட ஒரு டின்னில் 32 கிராம் அளவு, அதாவது எட்டுத் தேக்கரண்டி. பேருந்து நிலையத்தில் தாகத்துக்கு வாங்கி ஒரே மூச்சில் காலி செய்யும் 600 மில்லி பாட்டிலில் பதினாறு தேக்கரண்டி. இந்தக் கணக்கைப் படிப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. ஒரு பெரிய டம்ளரில் 300 மில்லி தண்ணீர் எடுத்து, எட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரையைப் போட்டுக் கலக்கி, ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இரண்டாவது வாய்க்குத் திகட்டிவிடும்.

அதே அளவு சர்க்கரை கோலாவில் ஏன் திகட்டுவதில்லை? கோலாவில் பாஸ்போரிக் அமிலமும், எலுமிச்சை மணமுள்ள பானங்களில் சிட்ரிக் அமிலமும் சேர்க்கப்படுகின்றன. புளிப்பு இனிப்பை மறைக்கிறது. நாக்கின் இனிப்புணர்வு குளிர்ச்சியில் மந்தமாகிவிடுகிறது. வாயுவின் சுருக்கென்ற கடிப்பும் இனிப்பை அமுக்குகிறது. திறந்து வைத்து மறந்துபோய், வாயு போய், வெயிலில் சூடான கலரைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: அப்போது அது வெறும் பாகாகத்தான் இருக்கும். நாக்கு இங்கே நம்பத்தக்க சாட்சி இல்லை. அதனால்தான் கரண்டிக் கணக்கு தேவைப்படுகிறது.

நாக்கைப் போலவே வயிறும் ஏமாறுகிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று இதை அழகாகக் காட்டியது. பதினைந்து பேருக்கு நான்கு வாரம் தினமும் 450 கலோரி மிட்டாயாகவும், இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரி இனிப்புச் சோடாவாகவும் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற வாரங்களில் அவர்கள் தம்மையறியாமலே மற்ற உணவைக் குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த வாரங்களில் வழக்கமான சாப்பாடு குறையவில்லை. சோடாவின் கலோரி அப்படியே மேலதிகமாகச் சேர்ந்தது, எடையும் கூடியது. பதினைந்து பேரை வைத்துச் செய்த ஆய்வை மட்டும் நம்பி முடிவுக்கு வர வேண்டியதில்லை. ஆனால் நம் வீட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது: நான்கு இட்லி தின்றவருக்கு மதியம் வரை பசிக்காது, ஏறக்குறைய அதே கலோரி கொண்ட ஒரு பெரிய பாட்டில் கலரைக் குடித்தவர் அரைமணி நேரத்தில் இட்லிக்கு உட்கார்ந்துவிடுவார். மென்று தின்னாததும் நார்ச்சத்து இல்லாததுமான சர்க்கரைத் தண்ணீர் இரைப்பையில் அதிக நேரம் தங்காமல் விரைவாகக் குடலுக்குப் போய், ரத்தச் சர்க்கரையைச் சடுதியில் ஏற்றுகிறது. நாம் உண்ணும் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ்; இந்த ஃபிரக்டோஸின் பெரும்பகுதியைக் கையாள்வது கல்லீரல்தான். அளவுக்கு மீறி நாள்தோறும் வந்தால் அது அதைக் கொழுப்பாக மாற்றத் தொடங்குகிறது. மது அருந்தாதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு படிவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

எவ்வளவு வரை சரி? உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளைய மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இந்த வகைச் சர்க்கரை இருக்க வேண்டும் என்கிறது. இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. 25 கிராம் என்பது ஆறு தேக்கரண்டி. ஒரு சிறிய டின் கோலா அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அந்த வழிகாட்டுதல் கணக்கில் எடுப்பது நாமும் தொழிற்சாலையும் சேர்க்கும் சர்க்கரை, வெல்லம், தேன், சர்க்கரைப் பாகு, பிழிந்த பழச்சாற்றில் உள்ள சர்க்கரை ஆகியவற்றை. முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையும் பாலில் இயல்பாக உள்ள சர்க்கரையும் இந்தக் கணக்கில் வருவதில்லை. பழம் கூடும், அதன் சாறு கூடாது என்பது முதலில் விந்தையாகத் தோன்றும். ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாற்றுக்கு மூன்று நான்கு பழம் பிழிய வேண்டும்; சக்கையை எறிந்துவிட்டு அத்தனை பழத்தின் சர்க்கரையையும் அரை நிமிடத்தில் குடித்துவிடுகிறோம். நான்கு சாத்துக்குடியை உரித்துத் தின்ன உட்கார்ந்தால் இரண்டிலேயே போதும் என்றாகிவிடும்.

சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமொன்றின் தலைமையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக நடந்த பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் கணித்தது. இதற்குக் குளிர்பானம் மட்டும் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. சோற்றின் அளவு, உடலுழைப்பு குறைந்தது, மரபு என்று பல உண்டு. ஆனால் சோற்றைக் குறைப்பது எவ்வளவு கடினம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். குடிப்பதில் உள்ள சர்க்கரையைக் குறைப்பது அதைவிட எளிது. அதற்காகப் பசியோடு இருக்க வேண்டியதும் இல்லை. அதனால்தான் மாற்றத்தை இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

பாட்டிலின் பின்புறம் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்கப் பழகுவது முதல் வேலை. இந்தியாவில் அடைத்து விற்கும் பானங்களில் மொத்தச் சர்க்கரை எவ்வளவு, அதில் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று தனித்தனியே அச்சிட வேண்டும். பெரும்பாலும் 100 மில்லிக்கு என்றுதான் எண் இருக்கும். 11 என்று பார்த்துவிட்டுக் குறைவுதான் என்று எண்ணிவிடக் கூடாது. பாட்டிலின் மில்லி அளவால் பெருக்கி, நூறால் வகுத்தால் மொத்தக் கிராம் வரும்; அதை நான்கால் வகுத்தால் கரண்டிக் கணக்கு வந்துவிடும். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும் என்பது விதி; தண்ணீருக்கு அடுத்த சொல் சர்க்கரை என்றால் அது சர்க்கரைத் தண்ணீர்தான். திரவ குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் சிரப் என்பனவும் சர்க்கரையின் வேறு பெயர்களே.

பெயரைப் பார்த்து ஏமாறும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. மாம்பழப் படம் போட்ட பாட்டில்களில் பல, பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு மட்டுமே பழச்சாறு கொண்ட சர்க்கரைத் தண்ணீர். செறிவூட்டிய சாற்றில் மீண்டும் தண்ணீர் கலந்து விற்பவற்றின் மேல் ‘நூறு சதவீதப் பழச்சாறு’ என்று எழுதக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. குழந்தைகளுக்குப் பாலில் கலக்கும் மால்ட் பொடிகளை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அதே ஆண்டு ஏப்ரலில் அறிவுறுத்தல் போனது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே இல்லை என்பது காரணம்.

இவற்றில் என்னை மிகவும் வருத்துவது ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி வந்த பழச்சுவைப் பானங்கள். வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்குத் தர வேண்டிய உண்மையான கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. உப்புகள் அளந்து சேர்க்கப்பட்டிருக்கும். சர்க்கரை கூடிய பானம் குடலுக்குள் மேலும் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கக்கூடும். உரிய கலவை இல்லாத பானங்களின் பெயரில் அந்த எழுத்துகள் இருக்கவே கூடாது என்று 2025 அக்டோபரில் அதே ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. கடையில் கேட்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி நம் சொந்தப் பானங்களுக்கு வருவோம். பாரம்பரியமானது என்பதால் மட்டும் எதுவும் கரண்டிக் கணக்கிலிருந்து தப்பிவிடாது. கரும்புச் சாற்றில் 100 மில்லிக்கு 12 முதல் 15 கிராம் வரை சர்க்கரை; அதாவது கோலாவைவிட அதிகம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய புதிய பதநீரில் 100 மில்லிக்குப் பத்துக் கிராமுக்கு மேல் உண்டு. காய்ச்சினால் கருப்பட்டி ஆவதே அதனால்தான். நன்னாரி வேர் நல்ல மணமுள்ளது, ஆனால் கடையில் விற்கும் நன்னாரி சர்பத் அந்த மணம் ஏற்றிய சர்க்கரைப் பாகு. வெல்லம் போட்ட பானகமும் கருப்பட்டிக் காபியும் கரண்டிக் கணக்கில் சர்க்கரையோடு சேர்ந்தவையே; வெல்லத்தில் சிறிதளவு தாதுக்கள் இருப்பது உண்மை, ஆனால் அவற்றுக்காக ஆறு கரண்டி வெல்லம் குடிப்பது சரியான வழியன்று. பதநீரை இகழ்வது என் நோக்கமில்லை. பனை ஏறுவோரின் உழைப்பும், பருவத்தில் சில மாதங்களே கிடைக்கும் அந்தச் சுவையும் மதிக்கத்தக்கவை. ராமநவமிக்குப் பானகம், பருவத்தில் பதநீர், மதுரைக்குப் போனால் ஜிகர்தண்டா என்று எப்போதாவது மகிழ்ந்து குடிக்கலாம். அன்றாடம் என்பது வேறு.

அன்றாடக் கணக்கில் நம்மில் பெரும்பாலோரை மாட்டிவிடுவது கலரும் அன்று, டீயும் காபியும்தான். வீட்டில் காலையில் ஒன்று, வேலையிடத்தில் பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் கடையில் ஒன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் ஆறு கரண்டி, நாளின் முழு அளவும் முடிந்தது. கலரைத் தொடுவதே இல்லை என்று சொல்பவர்களும் இந்த வழியில் அதே இடத்துக்கு வந்துசேர்கிறார்கள். இதைத் திடீரென்று நிறுத்த முயன்றால் மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, இரண்டு வாரம் அதில் நின்று, பிறகு ஒன்றாக்கி, பிறகு அரையாக்கினால் நாக்கு மெல்லப் பழகிக்கொள்ளும்; சில மாதங்கள் கழித்துப் பழைய இனிப்பில் யாராவது கொடுத்தால் குடிக்க முடியாது. டீக்கடையில் ‘சர்க்கரை கம்மியா’ என்று சொல்லத் தயங்க வேண்டாம். மாஸ்டர்களுக்கு அது தினமும் கேட்கும் சொல். இன்னொன்று: டீயிலும் காபியிலும் உள்ள டானின் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. ஆகவே சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடும்படி ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. ரத்தசோகை உள்ள பெண்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

சர்க்கரை இல்லாத ‘டயட்’ பானங்களுக்கு மாறலாமா என்று பலரும் கேட்கிறார்கள். சர்க்கரை இல்லை என்பது மெய்தான். ஆனால் உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்கு இந்தச் செயற்கை இனிப்புகளைச் சார்ந்திருக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. நீண்ட கால நோக்கில் பயன் தெரியவில்லை என்பது அதன் வாதம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அந்தப் பரிந்துரை உள்ளடக்கவில்லை. தினமும் இரண்டு பாட்டில் கலர் குடிப்பவர் அதை விடுவதற்குச் சிறிது காலம் இதை ஊன்றுகோலாகப் பயன்படுத்தினால் நான் குறை சொல்ல மாட்டேன். நாக்கு கேட்கும் இனிப்பின் அளவு மட்டும் அப்படியே இருக்கும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எதைத்தான் குடிப்பது? தாகத்துக்குத் தண்ணீர். இதைச் சொன்னால் சலிப்பாக இருக்கும் என்பது தெரியும். ஆனால் தண்ணீரைச் சுவையாக்கும் கலை நம் வீடுகளில் என்றும் இருந்தது. மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்வதால், மின்சாரம் இல்லாமலே தண்ணீர் தொண்டைக்கு இதமான குளிர்ச்சியை அடைகிறது. கழுவிய வெட்டிவேரை ஒரு துணியில் முடிந்து பானைக்குள் போட்டால் மணம் ஏறும். சீரகத்தைக் கொதிக்கவைத்து ஆற வைத்த நீர், பாகு சேர்க்காமல் நன்னாரி வேரை மட்டும் ஊறவைத்த நீர் ஆகியவை நோயைத் தீர்க்கும் என்றெல்லாம் நான் உறுதி சொல்ல மாட்டேன். தண்ணீரை விரும்பிக் குடிக்க வைக்கும் என்று மட்டும் சொல்வேன், அதுவே பெரிய உதவி.

தண்ணீருக்கு அடுத்த இடத்தை நான் தயங்காமல் நீர்மோருக்குக் கொடுப்பேன். கால் டம்ளருக்கும் குறைவான தயிரில் ஒரு டம்ளர் நீர்மோர் வரும். அதிலிருக்கும் பால் சர்க்கரை இரண்டு கிராம் அளவுதான், அதுவும் நம் கரண்டிக் கணக்கில் சேராதது. கொஞ்சம் கால்சியமும் புரதமும் கிடைக்கும். பால் குடித்தால் வயிற்றைப் புரட்டும் என்பவர்களில் பலருக்கு மோர் ஒத்துக்கொள்கிறது. உறைந்து புளிக்கும்போது பால் சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் உண்டுவிடுவது அதற்குக் காரணம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்து, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயத்தால் சுவையை நிரப்பிக்கொள்ளலாம்.

இளநீரிலும் இனிப்பு உண்டு, ஆனால் மிதமானது. ஒரு காயில் பத்துக் கிராமை ஒட்டியே சர்க்கரை இருக்கும். வெயிலில் அலைந்தவருக்கு அது நல்ல தேர்வு. பொட்டாசியம் மிகுந்தது என்பதால் சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது; இந்த எச்சரிக்கையை இளநீரைப் புகழும் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். மோர் கரைத்த கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ பானம் என்பதைவிட உணவு. மாலை நான்கு மணிக்குக் கலரும் பப்ஸும் தேடும் பசிக்கு அது சரியான பதில்.

வாயுவின் கடிப்பு இல்லாமல் இருக்க முடியாது என்பவர்களுக்குத்தான் தொடக்கத்தில் சொன்ன பழைய சோடா. வெறும் சோடாவில் அரை எலுமிச்சையைப் பிழிந்து, சிட்டிகை உப்புப் போட்டால் கலர் கொடுக்கும் சுறுசுறுப்பு அப்படியே கிடைக்கும்; கரண்டிக் கணக்கு பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். கடையில் ‘சால்ட் லெமன் சோடா, சர்க்கரை வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழக்கத்தில் பாகை ஊற்றிவிடுவார்கள். எலுமிச்சையும் அமிலம்தான் என்பதால் நாள் முழுவதும் உறிஞ்சிக்கொண்டே இருக்காமல் குடித்து முடித்து, வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டால் பல்லின் எனாமலுக்கு நல்லது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் ஒருவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால், அந்த நேரத்தில் விரைவாக ஏறும் சர்க்கரைதான் மருந்து. விழுங்கும் நிலையில் அவர் இருந்தால் நான்கு கரண்டிச் சர்க்கரை கரைத்த தண்ணீரோ அரை டம்ளருக்குச் சற்று மேல் சாதாரணக் கலரோ கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். ‘டயட்’ பானம் அப்போது பயன்படாது. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மாற்றத்தை எங்கே தொடங்குவது என்றால், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தொடங்கலாம். பெரிய பாட்டில் அங்கே இருக்கும்வரை பிள்ளைகள் அதைத்தான் எடுப்பார்கள். இல்லாத நாளில் தண்ணீர் குடிப்பார்கள். விருந்தாளி வந்தால் கலர் வைப்பதுதான் மரியாதை என்ற எண்ணம் மட்டும் குறுக்கே நிற்கும். நான்கு பேருக்கு நீர்மோர் கரைக்க ஐந்து நிமிடம் போதும்: ஒரு டம்ளர் தயிரை மத்தால் கடைந்து, மூன்று அல்லது நான்கு டம்ளர் பானைத் தண்ணீர் ஊற்றி, இஞ்சி ஒரு சிறு துண்டு, பச்சை மிளகாய் பாதி, கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவற்றைத் தட்டிப் போட்டு, பெருங்காயமும் அளவான உப்பும் சேர்த்து வடிகட்டினால் ஆயிற்று. பித்தளைச் செம்பில் ஊற்றி, டம்ளரோடு முன்னால் வைத்துப் பாருங்கள். இரண்டாவது டம்ளர் கேட்பார்கள்.